அடுப்படிக்கு மதிப்புத் தந்த அறிஞர் எஸ்கோஃபியே

நாடாண்ட மன்னர்க்கும் களம் வென்ற தளபதிக்கும் வரலாறு உண்டு. கவிஞர்க்கும் ஓவியர்க்கும் உண்டு. ஆனால் நாள்தோறும் நெருப்பின் முன் நின்று பிறர் பசி தீர்த்தவர்களுக்கு வரலாற்றில் இடம் கிடைத்தது மிக அரிது. அந்த அரிய இடத்தைத் தம் உழைப்பால் பெற்றவர் பிரான்சு நாட்டுச் சமையற்கலை வல்லுநர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே. பழங்களைச் சாறாக்கி, ஆரஞ்சுத் தோலின் மணம் ஏற்றி, உணவின் முடிவில் பரிமாறும் இனிப்புச் சாஸ்களை ஒரு கலையாக்கிய பெருமையில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. சமையல் ஓர் எடுபிடி வேலை என்று எண்ணப்பட்ட காலத்தில், அது கல்வியும் ஒழுக்கமும் வேண்டும் தொழில் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். அவர் வாழ்வை அறிந்து கொள்வது மாணவர்களாகிய நமக்குப் பயன் தரும்.

பிறப்பும் இளமையும்

எஸ்கோஃபியே 1846ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் தென் பிரான்சில் நீஸ் நகருக்கு அருகிலுள்ள வில்நெவ்-லூபே என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கொல்லுத் தொழில் செய்தவர். சிறுவனுக்கோ சிற்பி ஆக வேண்டும் என்பதே ஆசை. ஆனால் குடும்பத்தின் நிலை ஆசைக்கு இடம் கொடுக்கவில்லை. 13ஆம் வயதில் நீஸ் நகரில் சிற்றப்பாவின் உணவகத்தில் வேலை பழக அனுப்பப்பட்டார். அங்கே அடியும் உண்டு, வசவும் உண்டு. உருவத்தில் குள்ளமானவர், அடுப்பின் அனல் நேரே முகத்தில் தாக்கும். அதனால் உயர்ந்த குதிகால் கொண்ட காலணிகளை அணிந்து நின்று வேலை செய்தார். தாமே தேர்ந்தெடுக்காத தொழில் அது. ஆயினும் விதியை நொந்து கொண்டு காலம் கழிக்கவில்லை. கல்லில் செதுக்க எண்ணிய அழகைத் தட்டில் செதுக்கத் தொடங்கினார்.

1865இல் பாரிஸ் சென்று புகழ்பெற்ற ஓர் உணவகத்தில் சேர்ந்தார். 1870இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. இராணுவச் சமையல்காரராக மெட்ஸ் நகரில் பணியாற்றி, நகரம் வீழ்ந்தபோது கைதியானார். முற்றுகையில் உணவு குறைந்து வருவதைக் கண்ணாரக் கண்டவர் அவர். உணவைக் கெடாமல் டப்பாக்களில் அடைத்துக் காக்கும் முறையில் பின்னாளில் அவர் காட்டிய அக்கறைக்கு வித்திட்டது இந்த அனுபவமே. போருக்குப் பின் டெல்ஃபின் டாஃபி என்ற கவிதை எழுதும் பெண்மணியை மணந்தார்.

லண்டனில் பெற்ற புகழ்

1884இல் மோன்டி கார்லோவில் விடுதி நிர்வாகி சீசர் ரிட்ஸின் நட்பு கிடைத்தது. 1890இல் இருவரும் லண்டன் சவாய் ஹோட்டலுக்குப் பொறுப்பேற்றனர். ஒருவர் விருந்தினரைக் கவனித்தார். மற்றவர் அடுப்படியைக் கவனித்தார்.

அக்காலத்துச் சமையற்கூடம் எப்படி இருந்தது என்று எண்ணிப் பாருங்கள். நிலக்கரி அடுப்பின் வெப்பம், புகை, கூச்சல், சண்டை, தாகத்துக்கு மது. குடிப்பழக்கம் சமையல்காரர்களை இளம் வயதிலேயே அழித்து வந்தது. எஸ்கோஃபியே தம் கூடத்தில் குடிப்பதையும் புகைப்பதையும் வசைமொழி பேசுவதையும் தடுத்தார். வெப்பத்தில் வாடும் தொழிலாளர்க்காக மருத்துவர் ஒருவரின் ஆலோசனையுடன் பார்லிக் கஞ்சிநீர் தயாரித்து வைக்கச் செய்தார். சினம் மிகுந்தால் அவரே வெளியே சென்று, அது தணிந்த பின் திரும்புவார் என்பர். சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், இனிப்புக்கு ஒருவர் என வேலையைப் பிரித்தார். ஒரு தட்டு உணவை ஒருவரே முழுதும் செய்து முடிக்கும்வரை விருந்தினர் காத்திருந்த நிலை மாறிற்று. இன்று உலகெங்கும் பெரிய ஹோட்டல்களில் உள்ள முறை இதுவே.

பழமும் மணமும்

1890களின் முற்பகுதியில் ஆஸ்திரேலியப் பாடகி நெல்லி மெல்பா லண்டனில் ‘லோயன்கிரின்’ என்ற இசை நாடகத்தில் பாடினார். அதில் ஓர் அன்னம் வரும். அவருக்கு அளித்த விருந்தில் எஸ்கோஃபியே பனிக்கட்டியில் அன்னம் ஒன்றைச் செதுக்கி, அதன் சிறகுகளுக்கு இடையே வெனிலா ஐஸ்கிரீமும் பீச் பழமும் வைத்து அனுப்பினார். சிற்பியாக விரும்பிய சிறுவன் அன்று மீண்டும் தலைகாட்டினான் எனலாம். 1899இல் கார்ல்டன் ஹோட்டல் திறக்கப்பட்டபோது அதே இனிப்பின் மேல் ராஸ்ப்பெர்ரிப் பழச் சாஸை ஊற்றினார். உலகப் புகழ் பெற்ற ‘பீச் மெல்பா’ இப்படித்தான் முழுமை பெற்றது. அந்தச் சாஸ் மிக எளியது. பழுத்த ராஸ்ப்பெர்ரிகளை நசுக்கி, சல்லடையில் தேய்த்து விதை நீக்கி, பொடித்த சர்க்கரை கலக்க வேண்டும், அவ்வளவே. பீச், ஐஸ்கிரீம், ராஸ்ப்பெர்ரி என்ற மூன்றின் சமநிலையைக் கெடுக்கும் எதையும் சேர்ப்பதை அவர் விரும்பவில்லை.

ஸ்ட்ராபெர்ரிப் பழத்துக்கு அவர் ஆரஞ்சு மதுவைத் துணைக்கு அழைத்தார். சர்க்கரையும் கிராண் மார்னியே என்ற ஆரஞ்சு மதுவும் தெளித்து, பனிக்கட்டியின் மேல் ஒரு மணி நேரம் பழத்தை ஊற வைப்பது ஒரு முறை. ஊறும்போது பழத்திலிருந்து இறங்கும் சாறும் மதுவும் கலந்து தாமாகவே சாஸ் ஆகிவிடும். அதை ஆரஞ்சு ஐஸோடு கலந்து, அதன் மேல் பழத்தை வைப்பார்கள். ஆரஞ்சுச் சாறும் குராசோ மதுவும் சேர்த்து ஊற வைத்து, மேலே அடித்த பாலேடு இடுவது மற்றொரு முறை. 1912இல் ஐரோப்பாவின் 37 நகரங்களில் ஏறத்தாழ 4,000 பேர் ஒரே நேரத்தில் உண்ட விருந்துக்கு அவர் பட்டியல் வகுத்தார். அதில் நடிகை சாரா பெர்னார் பெயரால் அமைந்த ஸ்ட்ராபெர்ரி இனிப்பு இடம்பெற்றது. குராசோவின் மணம் ஏறிய இனிப்பு அது.

இந்த மணத்தின் கதை சுவையானது. குராசோ என்பது கரீபியக் கடலில் உள்ள ஒரு தீவு. ஸ்பானியர் அங்கே நட்ட ஆரஞ்சு மரங்கள் வறண்ட மண்ணில் கைப்பான பழங்களையே தந்தன. தின்ன முடியாத பழம். ஆனால் அதன் தோலில் மணம் மிகுந்திருந்தது. தோலை வெயிலில் உலர்த்தி மதுவில் ஊற வைத்தபோது குராசோ பிறந்தது. தோலிலுள்ள மண எண்ணெய் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். பழத்தின் புளிப்பையும் சர்க்கரையின் இனிப்பையும் நாக்கு அறியும். இந்த எண்ணெயின் மணத்தை மூக்கு அறியும். இரண்டும் சேர்ந்ததே நாம் சுவை என்பது. சூடான சாஸில் ஆரஞ்சு மதுவை அடுப்பிலிருந்து இறக்கிய பின்பே சேர்ப்பதும் இதனால்தான். கொதிக்கவிட்டால் மணம் ஆவியாகிப் போய்விடும்.

ஆரஞ்சு என்ற சொல்லே வடமொழி ‘நாரங்க’, பாரசீக ‘நாரங்’, ஸ்பானிய ‘நாரஞ்ச’ என வழிவழியாக வந்தது. அதன் வேர் நம் ‘நாரத்தை’ போன்ற திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. பாரிஸ் மேசையில் மணந்த பழத்தின் பெயர் நம் வீட்டு ஊறுகாய் ஜாடிக்கு உறவு என்பது நமக்கு மகிழ்ச்சி தருவதன்றோ!

புகழும் களங்கமும்

1903இல் நண்பர்கள் துணையுடன் 5,000க்கும் மேற்பட்ட செய்முறைகள் கொண்ட சமையல் நூலை வெளியிட்டார். இன்றும் உணவுக்கலை பயில்வோர்க்கு அது அடிப்படை நூல். மிச்சமாகும் உணவை வீணாக்காமல் முதியோரைக் காக்கும் கன்னியர் இல்லத்துக்கு அனுப்பும் வழக்கமும் அவரிடம் இருந்தது.

ஆனால் வாழ்க்கை வரலாறு புகழுரை மட்டும் ஆகிவிடக் கூடாது. 1898இல் ரிட்ஸும் எஸ்கோஃபியேவும் சவாய் ஹோட்டலிலிருந்து நீக்கப்பட்டனர். பொருள் வழங்கிய வணிகரிடம் தரகு பெற்றதை 1900இல் எஸ்கோஃபியே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். இச்செய்தி பல்லாண்டுகள் மறைந்திருந்து 1980களில்தான் வெளிவந்தது. குடியைத் தடுக்கும் அளவுக்குத் தன் கூடத்தை ஒழுங்கு செய்தவரும் பொருளாசையில் சறுக்கினார். கலையில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. அவர் கலையைப் போற்றுவோம். அவர் சறுக்கலை எச்சரிக்கையாகக் கொள்வோம்.

1928இல் பிரெஞ்சு அரசு தன் உயரிய விருதில் மேல்நிலை அளித்து அவரைப் பெருமைப்படுத்தியது. 1935 பிப்ரவரி 12ஆம் நாள் மோன்டி கார்லோவில், மனைவி மறைந்த சில நாட்களிலேயே, 88ஆம் வயதில் காலமானார். அவர் பிறந்த வீடு 1966 முதல் சமையற்கலை அருங்காட்சியகமாக விளங்குகிறது.

நமக்குள்ள பாடம்

மது என்றதும் நம் ஊர்களில் பல குடும்பங்களின் கண்ணீரே நினைவுக்கு வரும். கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரின் நாடு இது. எஸ்கோஃபியேவின் வாழ்வு இதற்கு முரணன்று. அவர் தேடியது போதையை அன்று; தோலில் ஒளிந்திருந்த மணத்தை. அந்த மணத்தைப் பெற மதுதான் வேண்டும் என்பதும் இல்லை. சர்க்கரைக் கட்டியை ஆரஞ்சு அல்லது நாரத்தைத் தோலில் அழுத்தித் தேய்த்தால், எண்ணெயைச் சர்க்கரை உறிஞ்சிக் கொள்ளும். அந்தச் சர்க்கரையைப் பழச்சாறில் கரைத்தால் மணம் நம் தட்டுக்கும் வந்துவிடும்.

ராஸ்ப்பெர்ரி நம் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியில் விளைவதில்லை. ஆனால் ஆடி மாதத்தில் கூடை கூடையாக நாவற்பழம் வருகிறது. புதர்க்காடுகளில் களாப்பழம் கிடைக்கிறது. சர்க்கரை சேர்த்துக் காய்ச்சினால் தானே குழைந்து கெட்டிப்படும் பழம் அது. செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் வட்டாரங்களில் கோடையில் முந்திரிக் கொட்டையை எடுத்துக் கொண்டு, சாறு ததும்பும் பழத்தைப் பெரும்பாலும் மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். தின்ன முடியாத பழத்தின் தோலைக்கூட உலகம் தேடும் பொருளாக்கினார்கள் ஒரு தீவினர். அதைப் பழத்தோடு சேர்த்து விருந்தாக்கினார் ஒரு கொல்லர் மகன். நம் மண்ணின் பழங்களுக்கும் அப்படி ஒரு கை வேண்டும்.

விரும்பிய படிப்பு கிடைக்கவில்லை, விரும்பிய வேலை கிடைக்கவில்லை என்று வருந்தும் நண்பர்கள் நம்மிடையே பலர். கிடைத்த தொழிலைக் கலையாக்கிய எஸ்கோஃபியே அவர்களுக்கு ஒரு விளக்கு. அவ்விளக்கின் ஒளியில் கிடைத்ததைச் சிறப்பாகச் செய்வோம். செய்வதை நேர்மையாகச் செய்வோம்!