இரவில் ஆட வைத்த வில்கின்சன்



பேஸ்பால் நம்ம திடலில் ஆடுகிற ஆட்டமல்ல. மட்டையும் பந்தும் இருப்பதால் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அந்த ஆட்டத்தை விளக்கு வெளிச்சத்தில் ஊர் ஊராக ஆட வைத்தவர் ஜே. எல். வில்கின்சன்.

அவர் 1878-இல் அயோவா மாநிலத்து அல்கோனாவில் பிறந்தார். இளமையில் பந்து வீசினார். மணிக்கட்டில் அடிபட்ட பின் குழு நடத்த வந்துவிட்டார். 1912-இல் 'ஆல் நேஷன்ஸ்' என்றொரு குழுவை அமைத்தார். வெள்ளையர், கறுப்பர், செவ்விந்தியர், ஆசியர் எல்லாரும் ஒரே குழுவில்! பெரிய லீக்குகள் கறுப்பரை வாசலிலேயே நிறுத்திய காலம் அது. இது சின்ன விஷயமா, நீங்களே சொல்லுங்க. 1920-இல் நீக்ரோ தேசிய லீக் தொடங்கியபோது, இவருடைய கன்சாஸ் சிட்டி மொனார்க்ஸ் குழுவும் அதில் சேர்ந்தது. உரிமையாளர்களில் இவர் ஒருவரே வெள்ளையர்.

1929-இல் பொருளாதாரம் சரிந்தது. வேலை உள்ளவன் பகலில் வேலைக்குப் போய்விடுகிறான். வேலை இல்லாதவன் கையில் காசு இல்லை. அப்புறம் டிக்கெட் வாங்குவது யார்? பொழுது சாய்ந்த பிறகு ஆடினால் உழைக்கிறவன் வருவான் என்று வில்கின்சன் கணக்குப் போட்டார்.

இந்த யோசனை பழையதுதான். 1880-லேயே மாசசூசெட்ஸ் கடற்கரையில் இரண்டு கடைச் சிப்பந்திகளின் குழுக்கள் மின்விளக்கில் ஆடிப் பார்த்திருந்தன. அது நிலைக்கவில்லை. வில்கின்சனோ விளக்கையே லோரியில் ஏற்றிக்கொண்டு போகத் துணிந்தார். சொத்தை அடமானம் வைத்து, 50,000 டாலருக்குக் குறையாமல் செலவழித்தார். சுமார் 50 அடி உயரத்துக்கு நீட்டி நிறுத்தும் கம்பங்கள்; மின்சாரத்துக்கு ஒரு பெரிய ஜெனரேட்டர். அதன் இரைச்சல் எப்படி இருந்திருக்கும் என்று தோட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோற்றிருந்தால் குழுவும் போயிருக்கும், குடும்பமும் தெருவுக்கு வந்திருக்கும்.

1930 ஏப்ரல் 28-இல் ஓக்லஹோமாவின் ஈனிட் நகரில் விளக்கு எரிந்தது. அதன்பின் போன ஊரெல்லாம் கூட்டம் திரண்டது. வெளிச்சம் மங்கல்தான். அந்த ஆகஸ்டில் ஹோம்ஸ்டெட் கிரேஸ் குழுவின் ஸ்மோக்கி ஜோ வில்லியம்ஸ் ஒரே இரவில் மொனார்க்ஸ் ஆட்டக்காரர்களை 27 தடவை பந்தைத் தொடவிடாமல் வெளியேற்றினார். 12 சுற்று ஆடி, மொனார்க்ஸ் 1-0 எனத் தோற்றது.

பெரிய லீக் விழித்துக்கொள்ள ஐந்து ஆண்டு ஆனது. 1935 மே 24-இல், அதிபர் ரூஸ்வெல்ட் வாஷிங்டனில் பொத்தானை அழுத்த, சின்சினாட்டி திடலில் விளக்கு எரிந்தது. வழக்கம்போல் பேரெல்லாம் அவர்களுக்கு!

1945-இல் ஜாக்கி ராபின்சன் மொனார்க்ஸ் குழுவில்தான் ஆடிக்கொண்டிருந்தார். புரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை ஒரு காசும் கொடுக்காமல் கூட்டிப் போனது. வில்கின்சன் குறுக்கே நிற்கவில்லை. கறுப்பருக்குக் கதவு திறந்ததும் நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். 1948-இல் தம் பங்கை விற்றுவிட்டு ஒதுங்கினார்.

1964-இல் காலமானார். 2006-இல்தான் கூப்பர்ஸ்டவுன் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் ஏறியது. ஆல் நேஷன்ஸ் நாளிலிருந்து அவரிடம் பந்து வீசிய கியூபாக்காரர் ஹோசே மெண்டஸின் பெயரும் அதே ஆண்டில் ஏறியது.