பாரதியின் பத்திரிகையை நிறுத்தியது எது?

ரிஷிவந்தியம் அன்று தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்ட எல்லையைத் தாண்டினால் பிரெஞ்சுப் புதுச்சேரி. அங்கே ஆங்கிலேயச் சட்டம் செல்லாது.

1908-ல் சென்னையின் 'இந்தியா' வார இதழ் மீது ராஜத்துரோக வழக்கு. நடத்தியவர் பாரதியார், ஆனா, ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசனுக்குத்தான் சிறை. பாரதி புதுச்சேரி போய் இதழைத் தொடர்ந்தார். அச்சகத்தைத் தொட முடியாத ஆங்கிலேய அரசு, இதழ் தன் எல்லைக்குள் வரவே தடை போட்டது. வாசகர் கைக்குப் போகாத பத்திரிகை எப்படி ஓடும்? 1910-ல் நின்னுபோச்சு.

1918-ல் திரும்பியவரைக் கடலூரில் கைது செய்தார்கள். எழுதுவதை முன்கூட்டியே போலீஸ் அதிகாரியிடம் காட்டணும் என்ற நிபந்தனையோடு விட்டார்கள். 1921-ல் மறைந்தார்.

2017-ல் எகிப்து அல் ஜசீரா இணையதளத்தை முடக்கியதும் இதே வழிதான்: எழுதுறவரைப் பிடிக்க முடியலைன்னா, படிக்கிறவரின் வாசலை அடைப்பது.