வினாவை விதைத்த ஆசான் டெரோசியோ

ஆசிரியர் உரைத்ததைப் பிழையறக் கேட்டுக்கொண்ட மாணாக்கனுக்கும் கல்வியில் கால்பங்கே கைகூடும் என்பது நன்னூல் தந்த பவணந்தியாரின் கணக்கு. உடன்பயில்வாரோடு கலந்து பழகுங்கால் மற்றொரு கால்பங்கு வந்து சேரும். கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய பாதியும் நிறைவுறும். வினவுதலையும் வினவியவற்றுக்கு விடையிறுத்தலையும் மாணாக்கனின் கடமைகளுள் வைத்து எண்ணியது அந்நூல். இந்நூற்பாக்களை நாம் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். நடத்தி முடித்தபின் அவற்றுக்கும் குறிப்புச் சொல்லி எழுதவைத்து விடுகிறோம் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மாணவர் தலைகுனிந்து எழுதுகின்றனர். நாமும் பாடம் முடிந்ததென்று மனநிறைவு கொள்கிறோம்.

வினாவும் கலந்துரையாடலுமே வகுப்பு என்று நடத்திக்காட்டி, அதற்குரிய விலையையும் கொடுத்த ஓர் ஆசிரியரின் வாழ்வை ஈண்டு நினைவுகூர விழைகிறோம். அவர் பெயர் ஹென்றி லூயி விவியன் டெரோசியோ. ஆசிரியராக அவர் பணியாற்றியது ஏறத்தாழ 5 ஆண்டுகள். இவ்வுலகில் அவர் வாழ்ந்ததோ 22 ஆண்டுகளே.

1809ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கல்கத்தாவில் டெரோசியோ பிறந்தார். போர்த்துகீசிய வழியும் இந்திய வழியும் கலந்த குடும்பம் அவருடையது. ஐரோப்பியரும் தம்மவரென ஏற்காத, இந்தியரும் தம்மவரெனக் கொள்ளாத ஒரு சிறு சமூகத்தின் பிள்ளை அவர். தந்தையார் ஒரு வணிக நிறுவனத்தில் அலுவலர். அன்னையைச் சிறு வயதிலேயே இழந்தார்.

டேவிட் டிரம்மண்ட் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் தர்மதலாப் பகுதியில் நடத்திவந்த பள்ளியில் டெரோசியோ பயின்றார். ஐரோப்பியர், கலப்பினத்தார், இந்தியர் ஆகிய முத்திறத்துப் பிள்ளைகளும் அங்கு ஒருங்கே அமர்ந்து கற்றனர். டிரம்மண்ட் எதனையும் ஆராய்ந்தே ஏற்கும் இயல்பினர். அவ்வியல்பு மாணவரிடத்தும் படிந்தது. 14ஆம் வயதில் பள்ளியை விட்ட டெரோசியோ, தந்தையாரின் நிறுவனத்தில் எழுத்தராகச் சிலகாலம் பணிபுரிந்தார். பின்னர்ப் பாகல்பூரில் உறவினர் ஒருவரின் அவுரித் தோட்டத்தில் வாழ்ந்தார். கங்கைக் கரையின் அழகு அவரைக் கவிஞராக்கிற்று. 1827இல் அவருடைய முதற் கவிதைத் தொகுதி வெளிவந்தது. உடன்கட்டையினின்று மீட்கப்படும் ஒரு கைம்பெண்ணின் கதையைப் பாடும் அவருடைய நெடுங்கவிதை 1828இல் வெளிவந்தது. உடன்கட்டை ஏறுதலை அரசு தடைசெய்தது அதற்கு அடுத்த ஆண்டில்தான். இந்தியாவைத் தம் தாய்நாடென விளித்து ஆங்கிலத்தில் பாடிய தொடக்கக் கவிஞர்களுள் அவரும் ஒருவர்.

1826இல், 17ஆம் வயதில், கல்கத்தா இந்துக் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியராக டெரோசியோ அமர்ந்தார். 1817இல் தொடங்கப்பெற்ற அக்கல்லூரியே பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக, பிரெசிடென்சி என்னும் பெயரோடு விளங்கியது. மேல்வகுப்பு மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் வயதில் பெரிய இடைவெளி இருக்கவில்லை. தம்மினும் வேறான சமயத்தையும் சமூகத்தையும் சேர்ந்த அம்மாணவர்களை அவர் தோழர்களாகவே நடத்தினார்.

அவருடைய பயிற்றுமுறை யாது? நூலைப் படித்துப் பொருள் சொல்வதோடு அவர் நின்றாரல்லர். ஒரு கருத்தை முன்வைப்பார். அதற்குச் சார்பான காரணங்கள் எவை, எதிரான காரணங்கள் எவை என்று வினவுவார். மாணவர் விடை கூறுவர். அவ்விடையை மற்றொரு மாணவர் மறுப்பார். மணி அடித்த பின்னும் பேச்சு தொடரும். அவர் இல்லத்திற்கும் மாணவர் திரண்டு செல்வர்.

வகுப்பறைக்குள் அடங்காத இவ்வுரையாடலுக்கு 1828இல் ஒரு கழகம் தோன்றியது. அகாடமிக் அசோசியேஷன் என்பது அதன் பெயர். மாணிக்தலாவிலிருந்த ஒரு தோட்ட மாளிகையில் அது கூடியது. தலைவர் டெரோசியோ, பேசுவோர் மாணவர். விதியா மனித முயற்சியா, அறம் என்பது யாது, நாட்டுப்பற்றின் கடமை எது, கடவுள் உண்டென்பார் வாதமும் இல்லென்பார் வாதமும் எத்தகையன என்பனபோன்ற பொருள்கள் அங்கு விவாதிக்கப்பட்டன. கல்விப் புரவலர் டேவிட் ஹேர், பிஷப் கல்லூரி முதல்வர் டாக்டர் மில் முதலிய பெரியோரும் வந்து கேட்டனர். 1830இல் மாணவர்கள் பார்த்தினான் என்னும் இதழைத் தொடங்கினர். ஓர் இதழ் வெளிவந்த அளவிலேயே அது நிறுத்தப்பட்டது.

இளைஞர்கள் வினவக் கற்றபின் அவ்வினா வகுப்பறை வாயிலோடு நிற்கவில்லை, இல்லங்களுக்கும் சென்றது. வழக்கங்களுக்குக் காரணம் கேட்ட பிள்ளைகளைக் கண்டு பெற்றோர் கலங்கினர். மாணவர் சிலரின் செயல்கள் வரம்பு மீறியனவாகவும் இருந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆசிரியர் நாத்திகம் போதிக்கிறார், பெற்றோரைப் பணிய வேண்டாம் என்கிறார், உடன்பிறந்தார் மணம் செய்துகொள்ளலாம் என்கிறார் என்று ஊரெங்கும் பேச்சு எழுந்தது. பெற்றோர் சிலர் தம் மக்களைக் கல்லூரியினின்று விலக்கினர்.

1831 ஏப்ரல் 23ஆம் நாள் கல்லூரி நிருவாகக் குழு கூடியது. டெரோசியோவை அழைத்து விசாரிக்கவில்லை. ஊராரின் மனநிலையைக் கருதி அவரை நீக்குவது தக்கதென்று பெரும்பான்மையோர் முடிவு செய்தனர். டேவிட் ஹேரும் வடமொழி அறிஞர் வில்சனும் அம்முடிவில் வாக்களியாது ஒதுங்கினர். செய்தி அறிந்த டெரோசியோ 25ஆம் நாள் தாமே பதவி விலகல் கடிதம் தந்தார்.

சாற்றப்பட்ட மூன்று குற்றங்களையும் குறித்து வில்சன் தனிமுறையில் அவரை வினவினார். அடுத்த நாளே டெரோசியோ எழுதிய விடை, ஆசிரியராவார் ஒவ்வொருவரும் கருத்தில் கொள்ளத்தக்கது. கடவுளைப் பற்றிய ஹியூமின் ஐயங்களை மாணவர்க்கு அறிவித்தது உண்மை என்று அவர் ஒப்புக்கொண்டார். அவ்வையங்களுக்கு ரீடும் ஸ்டூவர்ட்டும் அளித்த மறுப்புகளையும் உடன் அறிவித்ததாகத் தெரிவித்தார். ஒரு பக்கத்தை மட்டும் காட்டி, மறுபக்கம் அறியாத பிடிவாதக்காரர்களாக இளைஞரை ஆக்குவது தம் பணியன்று என்பது அவர் நிலை. பெற்றோரோடு பிணங்கி வீட்டைவிட்டு வெளியேற எண்ணிய மாணவர்க்குப் பணிந்து நடக்குமாறே தாம் அறிவுரை கூறியதை எடுத்துக்காட்டினார். மூன்றாம் குற்றச்சாட்டை அடியோடு மறுத்தார்.

கல்லூரியை விட்டபின் அவர் சோர்ந்திருக்கவில்லை. தம் சமூகத்தாரின் உரிமைக்காக ஈஸ்ட் இந்தியன் என்னும் நாளிதழை நடத்தினார். அவ்வாண்டின் இறுதியில் வாந்திபேதி அவரைப் பற்றியது. மாணவர்கள் அருகிருந்து பணிவிடை செய்தனர். 1831 டிசம்பர் 26ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. கல்கத்தாவின் தெற்குப் பார்க் தெரு இடுகாட்டில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

அவருடைய முறை வென்றதா, தோற்றதா? மாணவர்களின் பிற்கால வாழ்வே விடை பகர்கிறது. கிருஷ்ணமோகன் பானர்ஜி 1832இல் கிறித்தவம் தழுவிச் சமய குருவானார். ராம்தனு லாஹிரி பிரம்ம சமாஜ நெறியில் நின்று, வாழ்நாளெல்லாம் நல்லாசிரியராக விளங்கினார். ராதாநாத் சிக்தார் நில அளவைத் துறையில் கணிதராகி, 1852இல் இமயத்தின் ஒரு சிகரமே உலகில் உயர்ந்தது என்று கணக்கிட்டார்; இன்று எவரெஸ்ட் என அழைக்கப்படுவது அதுவே. பியாரி சந்த் மித்ரா வங்கமொழியின் தொடக்க நாவல்களுள் ஒன்றை எழுதினார். ராம்கோபால் கோஷ் வணிகராகவும் நாவலராகவும் புகழ்பெற்றார். ரசிக் கிருஷ்ண மல்லிக் ஏழை மாணவர்க்கு இலவசப் பள்ளி நடத்தினார்.

இப்பட்டியலை ஊன்றி நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். இவர்களுள் ஒருவரும் ஆசிரியரின் நகல் அல்லர். நாத்திகம் போதித்தார் என்று பழிக்கப்பட்டவரின் மாணவர்களுள் சமயத் தொண்டரும் இருந்தனர். அவரவர் தாமே ஆராய்ந்து அவரவர் வழியைத் தேர்ந்தனர். தம் முடிவை மாணவர் தலையில் ஏற்றியிருந்தால் எல்லோரும் ஒரே திசையில் அன்றோ சென்றிருப்பர்? அவர் தந்தது முடிவன்று, முடிவை அடையும் முறை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை. நிருவாகக் குழு விசாரிக்காமல் விட்ட வழக்குக்கு மாணவர்களின் வாழ்வே தீர்ப்பாயிற்று.

வினா எழுந்தால் வகுப்பின் அமைதி கெடும், பாடப்பகுதி முடியாது என்று நாம் அஞ்சுகிறோம். அவ்வச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கலந்துரையாடலுக்கு வரம்பு வேண்டும். எதிர்த்தரப்பின் மனம் புண்படாமல் பேசும் பண்பு வேண்டும். டெரோசியோவின் மாணவர் சிலர் அப்பண்பில் தவறியதால் விளைந்த துன்பம் நமக்கும் பாடமே. ஆனால் பண்பையும் பழகிப் பழகித்தான் பெற முடியும். வாய்திறவா வகுப்பில் அதனைக் கற்பிக்க இயலாது.

பெற்றோரும் சமுதாயப் பெரியவர்களும், பிள்ளை வீட்டிற்கு வந்து ஒரு வினா எழுப்பினால், அதனைக் கீழ்ப்படியாமை என்று உடனே கொள்ளாதிருக்க வேண்டுகிறோம். ஆசிரியராகிய நாம் நாளைய வகுப்பில் இறுதிப் பத்து நிமிடங்களேனும் குறிப்பேடுகளை மூடச் சொல்வோம். ஐவர் ஐவராக அமரச் செய்து ஒரு வினாவைத் தருவோம். இருதரப்பும் பேசக் கேட்போம். பவணந்தியார் கணக்கிட்ட எஞ்சிய முக்கால்பங்கு அப்பத்து நிமிடங்களில் தொடங்கட்டும்.