பசி கற்பித்த பாடம்: பண்டித ரமாபாய் அம்மையாரின் வாழ்வு

நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் பண்டித ரமாபாய் அம்மையாரின் வரலாற்றை எழுத முற்படுகின்றோம். அம்மையார் நம் சமூகத்திற் பிறந்தவரல்லர். மராத்தியச் சித்பாவனப் பிராமணர் குடும்பத்தில் தோன்றியவர். அவ்வாறிருக்க, அவருடைய வரலாறு இம்மலருக்கு எதற்கு என்று இளைஞர்கள் வினவக்கூடும். அவ்வினா நியாயமானதே. அதற்குரிய விடையை அவருடைய வாழ்வே தருகின்றது.

1858ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள கங்காமூலா என்னும் காட்டிடத்தில் ரமாபாய் பிறந்தார். தந்தையார் அனந்த சாஸ்திரி டோங்கரே சிறந்த வடமொழிப் புலவர். பெண்ணுக்குக் கல்வி ஆகாது என்றிருந்த அக்காலத்தில், தம் மனைவி இலட்சுமிபாய்க்கு அவர் வடமொழி கற்பித்தார். ஊரார் எதிர்ப்பையும் பொருட்படுத்தாமல் காட்டில் குடியேறி வாழ்ந்தார். அன்னையே மகளுக்கு ஆசிரியையானார். பொருள் கரைந்து கடன் மிகுந்தபின், குடும்பம் முழுவதும் திருத்தலந்தோறும் நடந்து சென்று, புராணம் படித்துக் கிடைத்த காணிக்கையால் பிழைத்தது.

1870களில் தென்னாட்டைப் பஞ்சம் வாட்டியது. புராணம் கேட்பாரும் இல்லை; கொடுப்பாரும் இல்லை. கூலி வேலை செய்யவோ பிச்சை எடுக்கவோ குலப்பெருமை இடந்தரவில்லை. வயிறு வளர்க்கக்கூடிய தொழில் ஒன்றும் அவர்களுக்குத் தெரியவுமில்லை. இதனைப் பிற்காலத்தில் ரமாபாய் தாமே மனம் வருந்தி எழுதியுள்ளார். இலையையும் காட்டுக் கனியையும் தின்று நாள்கள் கழிந்தன. 1874இல் தந்தையார் மறைந்தார். அடுத்து அன்னையும், பின்னர்த் தமக்கையும் மறைந்தனர். அண்ணன் சீனிவாசனும் ரமாபாயும் மட்டுமே எஞ்சினர். இருவரும் ஆயிரக்கணக்கான மைல் நடந்தனர். வடநாட்டுக் கடுங்குளிரில் போர்வையின்றி, மணலிற் குழி தோண்டி, அம்மணலாலேயே உடலை மூடிக்கொண்டு உறங்கினர். விரதமும் வேண்டுதலும் பயனளிக்காமையால், பெற்றோரிடம் பெற்ற நம்பிக்கை அவர்கள் உள்ளத்தில் சிறிது சிறிதாகத் தேய்ந்தது.

1878இல் கல்கத்தாவை அடைந்தனர். இருபதே வயதான இளம்பெண்ணின் வடமொழிப் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள், பண்டிதை என்றும் சரசுவதி என்றும் பட்டமளித்துப் போற்றினர். ஆயின் 1880இல் அண்ணனும் இறந்தார். அதே ஆண்டில், சூத்திரர் எனப்பட்ட வகுப்பினரான விபின் பிஹாரி மேதாவி என்னும் வங்காள வழக்குரைஞரை ரமாபாய் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். சாதியின் வேலியை அவர் தாண்டிய முதற்படி இதுவே. அஸ்ஸாமில் உள்ள சில்சாரில், கணவருடைய நூல்களிடையே வங்காள மொழியிலிருந்த லூக்கா நற்செய்தி அவர் கைக்குக் கிடைத்தது. அதனை ஆவலுடன் படித்தார். கணவரோ அதனை விரும்பவில்லை. 1881இல் மனோரமா என்னும் மகள் பிறந்தாள். 1882 பிப்ரவரியில் கணவரைக் காலரா நோய் கொண்டுபோயிற்று. கையிற் குழந்தையோடு, இருபத்து மூன்று வயதில், அம்மையார் விதவையானார்.

அவர் அழுது முடங்கிவிடவில்லை. புனே நகரம் சென்று ஆரிய மகிளா சமாஜத்தை நிறுவினார். பெண்களுக்குப் பெண் ஆசிரியைகளும் பெண் மருத்துவர்களும் வேண்டும் என்று அரசின் ஹண்டர் கல்விக் குழுவின்முன் சாட்சியம் அளித்தார். 1883இல் மருத்துவம் பயில இங்கிலாந்து சென்றார். செவிப்புலன் குறைபாட்டால் அவ்வாசை நிறைவேறவில்லை. ஆனால், சமூகம் ஒதுக்கித் தள்ளிய பெண்களைக் கிறித்தவச் சகோதரிகள் அன்போடு பேணுவதை ஆங்குக் கண்டார். அவ்வன்பின் ஊற்று எது என்று ஆராய்ந்தபொழுது, தீண்டத்தகாதவளாகக் கருதப்பட்ட சமாரியப் பெண்ணிடம் இயேசு தண்ணீர் கேட்ட நிகழ்ச்சி அவர் உள்ளத்தைத் தொட்டது. 1883 செப்டம்பர் 29ஆம் நாள் வாண்டேஜ் என்னுமிடத்தில் மகளுடன் திருமுழுக்குப் பெற்றார். தாயகத்தில் வசைமொழிகள் எழுந்தன. அப்பொழுது அவருக்காக எழுதுகோல் எடுத்தவர்களுள் ஒருவர் மகாத்மா ஜோதிராவ் பூலே என்பதை நம் இளைஞர்கள் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

அமெரிக்கா சென்று நூல் எழுதியும் சொற்பொழிவாற்றியும் பொருள் திரட்டிய அம்மையார், 1889 மார்ச் 11ஆம் நாள் பம்பாயில் இளம் விதவைகளுக்கெனச் சாரதா சதன் என்னும் பள்ளியைத் தொடங்கினார். மறு ஆண்டு அது புனேவுக்கு மாறியது. உண்மையை மறைக்காமல் கூறுவோமாயின், அப்பள்ளி முதலில் உயர்சாதிப் பெண்களையே கருதி அமைந்தது; சமையலிலும் சாதி ஆசாரம் காக்கப்பட்டது. 1893இல், மாணவியரை மதம் மாற்றுகின்றார் என்ற குற்றச்சாட்டு எழ, ஆலோசனைக் குழுவினர் விலகினர்; இருபதுக்கு மேற்பட்ட மாணவியரை உறவினர் அழைத்துச் சென்றனர். அந்நாள்களில் அவரைத் தாங்கியது ஒரு புதிய தெளிவு. திருமுழுக்குப் பெற்றுப் பல ஆண்டுகள் கடந்த பின்னரே, தாம் இதுகாறும் கிறித்தவ சமயத்தைக் கண்டடைந்தோமேயன்றிக் கிறித்துவைக் கண்டடையவில்லை என்பதை அம்மையார் உணர்ந்தார். அறிவினால் ஏற்ற கொள்கை அப்பொழுதுதான் உயிருள்ள நம்பிக்கையாயிற்று.

1896இல் மத்திய மாகாணங்களில் பஞ்சம் பரவியது. முன்னர்த் தாம் பட்ட பசி அவரை வீட்டில் இருக்கவிடவில்லை. நேரே சென்று, எலும்பும் தோலுமாய் நின்ற சிறுமியரைக் கூட்டங்கூட்டமாக அழைத்து வந்தார். புனேயை அடுத்த கேட்காவ்ன் என்னும் ஊரில் வாங்கியிருந்த நிலத்தில் முக்தி நிலையம் உருவாயிற்று. 1900ஆம் ஆண்டுக் குஜராத் பஞ்சத்திற்குப் பின் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் அங்குத் தங்கினர். பசித்தவளிடம் சாதி கேட்கப்படவில்லை. நெசவு, உழவு, தையல், அச்சுத்தொழில் யாவும் கற்பிக்கப்பட்டன. கண்ணிழந்தோர்க்கும் பள்ளி நடந்தது. கைத்தொழில் அறியாமையால் தம் பெற்றோர் பசியால் மாண்டனரே என்ற துயரமே, நூலும் ஏரும் சேர்ந்த இக்கல்வியாக மலர்ந்தது எனலாம்.

எளிய மக்கள் படித்துணரும் மராத்தியில் வேதாகமம் வேண்டும் என எண்ணி, எபிரேயமும் கிரேக்கமும் கற்று, அதனை அம்மையாரே மொழிபெயர்த்தார். முக்தி நிலையப் பெண்களே அச்சுக்கோத்தனர். பணி முடிவை நெருங்கிய வேளையில், 1921இல், வலக்கையாயிருந்த மகள் மனோரமா மறைந்தார். அந்தப் பேரிடியின் நடுவிலும் அம்மையார் கையிலெடுத்த பணியை விடவில்லை. மொழிபெயர்ப்பு நிறைவுற்றபின், 1922 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் கண் மூடினார்.

இளைஞர்களே! தந்தை, தாய், தமக்கை, அண்ணன், கணவர், மகள் என ஒவ்வொருவராக இழந்தவர் அவர். துன்பம் தமக்கு ஏன் வந்தது என்பதற்கு அவருக்கு எளிதான விடை கிடைத்துவிடவில்லை. துன்புறுவோர் பக்கத்தில் நிற்கும் ஒருவரைக் கண்டார். தாமும் அப்பக்கம் சென்று நின்றார். அவர் கண்ட கிறித்தவ நம்பிக்கை அத்தகையது. பிறப்பால் மேலே வைக்கப்பட்ட அவரைச் சாதி பாராமல் உணவிடச் செய்தது, பசி கற்பித்த பாடமும் அந்நம்பிக்கையுமே.

பசியும் இழிவும் நம் முன்னோர்க்குப் புதியனவல்ல, ஏரும் உழைப்பும் அவர்கள் கையில் இருந்தன, எட்டாதிருந்தது எழுத்தொன்றே. அதனை எட்டச் செய்யவே நமது கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகின்றது. கற்றவர் ஒவ்வொருவரும் தம் தெருவில் பள்ளியை விட்டு நின்றுபோன ஒரு பெண் குழந்தையைத் தேடிச் சென்று, மீண்டும் வகுப்பில் அமர்த்துவாராயின், அம்மையாரின் வரலாற்றை நாம் படித்ததற்குப் பொருள் உண்டு.