ஓநாய் பயம் போக்கிய பாஸ்டர்

பிரான்ஸ் நாட்டில் ஆர்புவா என்று ஒரு சிற்றூர். 1831ம் ஆண்டு, வெறி பிடித்த ஓநாய் ஒன்று அந்தப் பகுதி மக்களைக் கடித்துக் குதறியது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குத் தூக்கி வந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தில் சூடு போட்டனர். அப்படியும் பலர் இறந்தனர். ஊரே நடுங்கியது. அந்த ஊரில் வளர்ந்த எட்டு வயதுச் சிறுவன்தான், லூயி பாஸ்டர்.

1822 டிசம்பர் 27ல் பிறந்த பாஸ்டரின் தந்தை, தோல் பதனிடும் தொழில் செய்தவர். சிறு வயதில் பாஸ்டர் படிப்பில் சுமார், ஓவியத்தில் கெட்டி. பின்னாளில் வேதியியல் படித்து, கிருமிகளை ஆராய்வதில் புகழ் பெற்றார். 1868ல் பக்கவாதம் தாக்கி, இடது கையும் காலும் பாதிக்கப்பட்டன. ஆய்வை மட்டும் அவர் விடவில்லை.

வெறிநோய்க் கிருமி அவரது நுண்ணோக்கியில் தென்படவே இல்லை. ஆனாலும் அவர் சோர்ந்துவிடவில்லை. நோய் கண்ட முயலின் தண்டுவடத்தை எடுத்து உலர வைத்தார். நாள் ஆக ஆக, நோயின் வீரியம் குறைந்தது. அதையே தடுப்பு மருந்தாக்கி, நாய்களைக் காப்பாற்றிக் காட்டினார்.

1885 ஜூலை 6. வெறிநாய் கடித்து 14 காயங்களுடன், ஒன்பது வயது ஜோசப் மைஸ்டரை அவன் தாய் அழைத்து வந்தார். பாஸ்டர் மருத்துவர் அல்ல. மருந்து தவறினால் பழி வரும். சும்மா இருந்தால் சிறுவனின் உயிரே போகலாம். என்ன செய்வது? துணிந்து முடிவெடுத்தார். மருத்துவர் ஒருவர் மூலம் 13 ஊசிகள் போடப்பட்டன. பாஸ்டருக்குத் தூக்கமே இல்லை. சிறுவன் பிழைத்தான்!

அடுத்த ஆண்டு, ஓநாய் கடித்த 19 பேர் ரஷ்யாவிலிருந்து பாரிஸ் வந்தனர். அவர்களில் 16 பேர் பிழைத்தனர்.

1895 செப்டம்பர் 28ல் பாஸ்டர் மறைந்தார். அந்த நாளே இன்று உலக வெறிநோய் தினம். நம் குன்னூரிலும் 1907ல் அவர் பெயரில் நிறுவனம் உருவானது.

சரி, காட்டு நரிக்கு யார் ஊசி போடுவது? 1978ல் சுவிட்சர்லாந்து விஞ்ஞானிகள், கோழித் தலைக்குள் மருந்தை வைத்து, நரிகள் நடமாடும் இடங்களில் போட்டனர். நரி கடித்ததும் மருந்து வாயில் பரவி, நோய் எதிர்ப்பு சக்தி தந்தது. பின்னர், மீன் தூள் கலந்த இரையில் மருந்தை வைத்து, ஹெலிகாப்டரிலிருந்து போட்டனர். பாஸ்டரின் பிரான்சிலும் நரிகளிடமிருந்த வெறிநோய் ஒழிந்ததாக 2001ல் அறிவிக்கப்பட்டது.

குழந்தைகளே, நாய் கடித்தால், திட்டு விழுமே என்று வீட்டில் மறைக்காதீர்கள். காயத்தைக் குழாய் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அன்று மைஸ்டர் பிழைத்தது, அவன் தாய் தாமதிக்காமல் அழைத்து வந்ததாலும்தான்!