தணிக்கையை எதிர்த்த அப்பாஸ்

புது தில்லி: இன்றைய ஹரியாணாவிலுள்ள பானிபட்டில் 1914-ல் பிறந்தவர் குவாஜா அகமது அப்பாஸ். பத்திரிகையாளர், ராஜ் கபூரின் "ஆவாரா'வுக்குக் கதை எழுதியவர், 1969-ல் அமிதாப் பச்சனைத் திரையில் அறிமுகப்படுத்தியவர்.

சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் காட்டி 1968-ல் அவர் எடுத்த குறும்படத்தில் மும்பை சிவப்பு விளக்குப் பகுதியும் இடம்பெற்றது. அக் காட்சிகளை நீக்கினால்தான் அனைவரும் பார்ப்பதற்கான சான்றிதழ் என்றது மத்திய அரசு. அப்பாஸ் உச்ச நீதிமன்றம் சென்றார். விசாரணையின்போதே அரசு இறங்கி வந்து, வெட்டின்றிச் சான்றிதழ் தர முன்வந்தது. வேறொருவராயின் வழக்கை முடித்துக்கொண்டிருப்பார். அவரோ முன்தணிக்கையே செல்லாது என வாதாடினார்.

1970-ல் தலைமை நீதிபதி ஹிதாயத்துல்லா தலைமையிலான அமர்வு, தணிக்கை செல்லும் எனத் தீர்ப்பளித்தது. எனினும் ஆபாசத்தையும் கலையையும் பிரித்தறிய வேண்டும் என்றது. மேல்முறையீட்டுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைக்க அவ்வழக்கில் அரசு ஒப்புக்கொண்டது. அது 1983-ல்தான் நடைமுறைக்கு வந்தது. 1987-ல் அப்பாஸ் மும்பையில் காலமானார். தீர்ப்பாயம் 2021-ல் கலைக்கப்பட்டது.