எப்வொர்த் இல்லத்து அன்னை

சூசன்னா வெஸ்லி அம்மையார் 1669-இல் லண்டனில் பிறந்தவர். எப்வொர்த் என்னும் ஆங்கிலச் சிற்றூரின் குருவானவருக்கு வாழ்க்கைப்பட்டவர். பெற்ற மக்கள் 19 பேர். அவர்களில் ஒன்பதின்மரைக் குழந்தைப் பருவத்திலேயே பறிகொடுத்தார். கடனுக்காகக் கணவர் 1705-இல் சிறை புகுந்தார். 1709-இல் வீடும் எரிந்தது. இத்தனை துயருக்கிடையிலும் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஆறு மணி நேரம் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். நன்றாக வாசிக்க வருமுன் பெண் பிள்ளையைத் தையலுக்கு அனுப்பலாகாது என்பது அவர் வகுத்த விதி. எக்காலத்தில், பாருங்கள்!

1712-இன் தொடக்கத்தில் கணவர் லண்டனில் தங்கியிருந்தார். ஞாயிறு மாலைகளில் அம்மையார் பிள்ளைகளை அமர்த்திப் பிரசங்கம் வாசித்து ஜெபம் செய்தார். வேலைக்காரச் சிறுவன் தன் பெற்றோரிடம் சொல்ல, அவர்கள் வந்தனர். பின் அக்கம்பக்கத்தார் வந்தனர். கூட்டம் 200 பேராயிற்று. நிற்க இடமின்றித் திரும்பினவரும் உண்டு. பெண்ணொருத்தி வழிபாடு நடத்துவதா என்று உதவிக் குரு முறையிட்டார். நிறுத்திவிடும்படி கணவர் எழுதினார். அம்மையார் சீறவில்லை, பணிந்துவிடவும் இல்லை. விருப்பம் என்றால் போதாது, கட்டளையாகவே இடுங்கள். இறைவன் திருமுன் அதற்கு விடை சொல்லும் பொறுப்பும் உங்களுடையதாகட்டும் என்று பதில் எழுதினார். கூட்டம் நிற்கவில்லை.

அக்கூட்டம் கூடிய நாளில் எட்டு வயதாயிருந்த மகன் ஜான்தான் பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தோற்றுவித்தவர். 1742-இல் அன்னை கண்மூடியதும், அவர் முன்பே கேட்டுக்கொண்டபடி, மக்கள் கட்டிலைச் சுற்றி நின்று துதிப்பாடல் பாடினர்.